அத்தியாயம் 9: வெளியிலிருந்து அலுவலக சர்வருக்கு

வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ அலுவலக சர்வரைப் பயன்படுத்தும் வசதியை நிறுவ ஒரு பிற்பகல் போதும். யார், எந்தக் கணினியிலிருந்து, எந்த சர்வரை, எதுவரை தொடலாம் என்று தீர்மானிக்கத்தான் நாளாகும். பலர் இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, எந்த மென்பொருள் நல்லது என்ற விசாரணையிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள். எவ்வளவு நல்ல மென்பொருளைப் போட்டாலும், உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எல்லாமே திறந்து கிடந்தால் பாதுகாப்பு என்று ஒன்றும் இல்லை. அதனால் இந்த அத்தியாயம் மென்பொருளுக்கு முன்னால் ஆட்களைப் பற்றிப் பேசுகிறது.

திருப்பூரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். டேலி ஓடும் ஒரு விண்டோஸ் சர்வர். டிசைன் படங்களும் பையர் ஆர்டர்களும் இருக்கும் ஒரு லினக்ஸ் கோப்பு சர்வர். சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி. மாதத்தின் 20-ஆம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்காகக் கணக்காளர் இரவில் வீட்டிலிருந்து டேலியைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆடிட்டர் கோவையில் இருக்கிறார். சர்வர்களைப் பராமரிப்பவர் ஈரோட்டிலிருந்து வருகிறார். உரிமையாளர் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகும்போதும் ஆர்டர் கோப்புகளைப் பார்க்க விரும்புகிறார். தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றின் தேவை ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதலில் செய்யக்கூடாதது

இந்தத் தேவையைச் சொன்னதும் பலரும் காட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் போட்டு, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அன்றைக்கே அந்தக் கணினி உலகம் முழுவதும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் தேடல் நிரல்களின் கண்ணில் பட்டுவிடும். பாஸ்வேர்டை ஊகிக்கும் முயற்சிகள் இரவும் பகலும் வரும். போர்ட் எண்ணை 3389-லிருந்து வேறு எதற்காவது மாற்றினால் லாகில் சத்தம் கொஞ்சம் குறையும், ஆபத்து குறையாது.

2019 மே மாதம் வெளிவந்த ‘புளூகீப்’ குறைபாடு இதற்குச் சரியான சான்று. பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் இருந்த அந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் ஒருவர் உள்ளே வந்துவிட முடியும். ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது பேட்ச் வெளியிட்டது என்றால் நிலைமையின் தீவிரம் புரியும். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இப்படிப்பட்ட ஓட்டைக்கு முன் பயனில்லை. ஆகவே ரிமோட் டெஸ்க்டாப், கோப்புப் பகிர்வு, டேட்டாபேஸ், சிசிடிவி ரெக்கார்டரின் இணையப் பக்கம் ஆகிய எதற்கும் ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் மூடிவிடுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதி இயங்கினால் அதையும் அணையுங்கள். ரெக்கார்டர் போன்ற கருவிகள் உங்களைக் கேட்காமலேயே அதன் வழியாகப் போர்ட்டைத் திறந்துகொள்ளும்.

ஒரு தாளில் எழுத வேண்டியது

வெளியிலிருந்து வரப்போகும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் அவர் பயன்படுத்தும் கணினி, அது நிறுவனத்துடையதா சொந்தமா, தொட வேண்டிய சர்வர், அங்கே செய்யப்போகும் வேலை, இந்த அனுமதி முடியும் தேதி. கணக்காளருக்கு விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் மட்டும். ஆடிட்டருக்கு அதே சர்வர், தணிக்கை நடக்கும் வாரங்களில் மட்டும், படிக்கும் உரிமையோடு. உரிமையாளருக்குக் கோப்பு சர்வரில் ஆர்டர் ஃபோல்டர். பராமரிப்பாளருக்கு இரண்டு சர்வர்களும். சிசிடிவி பொருத்தியவர் ரெக்கார்டரைப் பார்க்கட்டும். டேலி இருக்கும் பக்கம் அவருக்கு வேலை இல்லை.

உரிமையாளரின் பெயருக்கு நேரே ‘எல்லாம்’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அது மரியாதையின் பொருட்டு எழுதப்படுவது. விமான நிலையங்களின் வைஃபையில் அதிகம் இணைவதும், தொலைந்துபோகும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் அவருடைய லேப்டாப்தான் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தனக்கு வேண்டியது ஆர்டர் ஃபோல்டர் மட்டும் என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

‘ஆபீஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று பொதுவான ஒரு லாகினை மூன்று பேர் பகிர்ந்துகொள்வதை இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். யார் எப்போது வந்தார் என்று பின்னால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருவர் வேலையை விட்டுப்போனால் அவரை மட்டும் வெளியே நிறுத்தவும் முடியாது.

முகவரிச் சிக்கல்கள்

வெளியிலிருந்து அலுவலகத்தைக் கண்டுபிடிக்க ஒரு பொது ஐபி முகவரி வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணையப் பக்கத்து முகவரி என்னவென்று பாருங்கள். பிறகு உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். ரவுட்டரில் என்ன அமைத்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்களை எட்டாது. கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்குவது நேரான தீர்வு. அது கிடைக்காத ஊரில், பொது முகவரியோடு ஒரு சிறிய கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, அலுவலகமும் வெளியிலிருப்பவர்களும் அதில் வந்து சந்திக்கும்படி அமைக்கலாம்.

அடுத்த சிக்கல் இன்னும் எளிமையானது. ஆனால் நிறைய நேரத்தைத் தின்பது. அலுவலகத்தின் உள் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கி, கணக்காளரின் வீட்டு ரவுட்டரும் அதே எண்களைப் பயன்படுத்தினால், வெளியிலிருந்து அலுவலகத்துக்கு அமைக்கும் பாதுகாப்பான வழியான டன்னல் சரியாக இணைந்த பிறகும் சர்வர் கிடைக்காது. சர்வரைத் தேடும் கணினி தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரவுட்டர்களில் அதிகம் காணப்படுபவை 192.168.0, 192.168.1, ஜியோ ஃபைபரில் 192.168.29. அலுவலகத்துக்கு 10.47.20 போல யாரும் சாதாரணமாகத் தொடாத ஒரு வரிசையை இப்போதே கொடுத்துவிடுங்கள். பிரிண்டர், வருகைப்பதிவுக் கருவி, ரெக்கார்டர் எல்லாவற்றிலும் முகவரியை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பத்துப் பேர் வெளியிலிருந்து வேலைபார்க்கத் தொடங்கிய பிறகு மாற்றுவது இதைவிடப் பல மடங்கு கடினம்.

ஒரே வாசல்

இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வாசல், அது வி.பி.என்., அதாவது வெளியிலிருக்கும் கணினியை மறைகுறியாக்கிய டன்னல் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வசதி. அதற்குள் வந்த பிறகுதான் சர்வர்கள் கண்ணில் பட வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் வயர்கார்டு, ஓபன்விபிஎன் என்ற இரண்டையும் பரிந்துரைக்கிறேன்.

வயர்கார்டு 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.6-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி. சர்வரில் பதிவாகாத சாவியோடு யார் தட்டினாலும் அது பதில் சொல்லவே சொல்லாது. வழக்கமாக அதற்குக் கொடுக்கப்படும் 51820 என்ற யுடிபி போர்ட்டை ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அமைப்புக் கோப்பு இருபது வரிகளுக்குள் முடிந்துவிடும். ஆனால் இதற்குக் கருவியைத் தெரியும், ஆளைத் தெரியாது. பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் தானாகக் கேட்பதில்லை. லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்தவர் டன்னலுக்குள்ளும் வந்துவிடுவார். ஆகவே நிறுவனமே லேப்டாப் கொடுத்து, அதன் டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டி வைத்திருக்கும் இடங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஊழியர்கள் சொந்தக் கணினியிலிருந்து வருகிறார்கள் என்றால் ஓபன்விபிஎன்னில் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ், பாஸ்வேர்டு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண் ஆகிய மூன்றையும் கேட்கும்படி அமைப்பதே சரி.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடும் நிறுவனங்களுக்காக ஒரு செய்தி. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகி, கிழக்குக் கடற்கரைக்கான எரிபொருள் குழாயைச் சில நாட்கள் நிறுத்த நேர்ந்தது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது. தாக்கியவர்கள் நுழைந்தது பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாக. பயன்பாட்டில் இருக்க வேண்டிய கணக்கே அல்ல அது. அதற்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும் போதுமானதாக இருந்தது. கடினமான பாஸ்வேர்டுதான் என்று நிறுவனத் தலைவர் செனட் குழு முன் சொன்னார். அது காப்பாற்றவில்லை.

வி.பி.என். வசதியோடு வரும் ஃபயர்வால் பெட்டியை வாங்குவதில் தவறில்லை. வாங்கினால் அதன் பேட்ச் அறிவிப்புகள் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகின்றன என்பதை உறுதிசெய்யுங்கள். ஃபோர்டிகேட் ஃபயர்வால் பெட்டிகளில் இருந்த ஒரு வி.பி.என். ஓட்டைக்கு 2019-லேயே பேட்ச் வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஓட்டை வழியாகத் திருடப்பட்ட, சுமார் 87,000 பெட்டிகளின் வி.பி.என். லாகின் விவரங்கள் 2021 செப்டம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அதில் நாம் படிக்க வேண்டியது: பேட்ச் போட்டவர்கள்கூடப் பாஸ்வேர்டுகளை மாற்றாமல் விட்டிருந்தால், முன்பே திருடப்பட்டவை செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தன. ஓட்டையை அடைத்த அன்றே அத்தனை பேரின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

வாசல் அமைந்ததும் தாளில் எழுதியதை ஃபயர்வால் விதிகளாக மாற்றுங்கள். வி.பி.என்னுக்குள் ஒவ்வொருவருக்கும் நிலையான ஓர் உள் முகவரி கொடுங்கள். கணக்காளரின் முகவரியிலிருந்து விண்டோஸ் சர்வரின் 3389 மட்டும். பராமரிப்பாளரிடமிருந்து லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்எச் போர்ட்டான 22. கடைசி விதி, மற்ற எல்லாவற்றையும் மறுப்பது. வயர்கார்டின் பயனர் பக்கத்துக் கோப்பில் எந்த முகவரிகள் டன்னல் வழியாகப் போக வேண்டும் என்று எழுதும் வரி ஒன்று உண்டு. அதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். பயனரே தன் கணினியில் அதை மாற்ற முடியும். தடை சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இணைந்து பாருங்கள். டேலி திறக்கிறதா என்று பார்ப்பது பாதி சோதனை. ஆடிட்டரின் சாவியோடு வந்து சிசிடிவி பக்கத்தையும் லினக்ஸ் சர்வரையும் திறக்க முயன்று, முடியவில்லை என்று காண்பது மறுபாதி. டன்னல் இணைகிறது, பிங் போகிறது, ஆனால் திரை உறைந்து நிற்கிறது என்றால் பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். வயர்கார்டின் எம்டியு மதிப்பை 1280-க்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்தால் 25 விநாடி கீப்அலைவ் போடுங்கள்.

டேலியும் ரிமோட் டெஸ்க்டாப்பும்

வி.பி.என். கிடைத்ததும் கணக்காளர்கள் முதலில் செய்ய நினைப்பது, டேட்டா ஃபோல்டரை வீட்டு லேப்டாப்பில் டிரைவாக இணைத்து அங்கிருந்தே டேலியைத் திறப்பது. இதற்கு இடம் கொடுக்காதீர்கள். கோப்புகளை நெட்வொர்க் வழியாக இடைவிடாமல் படித்து எழுதும் மென்பொருள் வீட்டு இணைப்பில் தவழும். பதிவின் நடுவே இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகவும் கூடும். டேலி அலுவலகக் கணினியிலேயே ஓடட்டும், திரை மட்டும் வீட்டுக்கு வரட்டும்.

இங்கே உரிமம் பற்றிய ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வர முடியாது, ப்ரோ வேண்டும். ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்: வெளியிலிருந்து ஒருவர் வந்தால் அலுவலகத்தில் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்காக இரண்டு இணைப்புகள் உண்டு. அதற்கு மேல் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் உரிமங்களை வாங்க வேண்டும். இந்த வரம்பை உடைக்கும் இலவச நிரல்களை யாராவது கொண்டுவந்து போட்டுத் தருவார்கள். அவை உரிம மீறல் என்பதோடு, யார் எழுதியதென்று தெரியாத ஒன்றை உங்கள் லாகின் சேவையின் நடுவில் உட்காரவைப்பதும் ஆகும். வேண்டாம்.

லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்எச்

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்கும் தாக்குதல் நடந்த பிறகு, அங்கிருந்த ஆய்வாளர் தாத்து யுலோனென் எழுதியது, தொலைவிலிருந்து சர்வரில் லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்ற அதன் வாக்குறுதி இன்றும் நிற்கிறது. ஆனால் பாஸ்வேர்டை ஊகிப்பவரிடமிருந்து அது காப்பாற்றாது. அதனால் பாஸ்வேர்டு லாகினை அணைத்துவிட்டு சாவியால் மட்டும் உள்ளே விடுங்கள். பராமரிப்பாளர் தன் கணினியிலேயே எட்25519 வகைச் சாவியை உருவாக்கி, அதற்கு ஒரு பாஸ்ஃபிரேஸ் வைத்து, பொதுச் சாவியை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். ரகசியச் சாவி வாட்ஸ்அப்பில் வந்தால் அதை அழித்துவிட்டுப் புதியது கேளுங்கள்.

உபுண்டுவில் இதைச் செய்பவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்எஸ்எச்சின் முதன்மை அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு லாகினுக்கு ‘இல்லை’ என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்த பின்பும் சர்வர் பாஸ்வேர்டு கேட்கும். காரணம், முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே துணை ஃபோல்டர் ஒன்றிலுள்ள சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்எச் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். சில கிளவுட் இமேஜ்களில் அந்தத் துணைக் கோப்பில் ‘ஆம்’ என்று இருக்கும். கோப்பைப் படித்து நம்பாதீர்கள். நடைமுறையில் உள்ள அமைப்பை அச்சிட்டுக் காட்டும்படி எஸ்எஸ்எச் சேவையையே கேட்கும் வசதி உண்டு. சேவையின் பெயரோடு (sshd) பெரிய ‘-T’ எழுத்தைச் சேர்த்து இயக்கினால் போதும்.

உங்களை நீங்களே பூட்டிக்கொள்ளாமல்

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் அல்லது ஃபயர்வால் அமைப்பை மாற்றும்போது இருக்கும் இணைப்பை மூடாதீர்கள். அது திறந்திருக்கும்போதே இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பார்த்து, வெற்றி பெற்ற பிறகே முதலாவதை விடுங்கள். உபுண்டுவின் நெட்பிளானில் ‘ட்ரை’ என்ற கட்டளை இருக்கிறது: நெட்வொர்க் மாற்றத்தைச் செய்துவிட்டு, 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஃபயர்வாலுக்கும் இதே ஏற்பாட்டை நீங்களே செய்யலாம். பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளை மீட்கும் ஒரு வேலையை முதலில் நேரம் குறித்து வைத்துவிட்டு, பிறகு கை வையுங்கள்.

வி.பி.என்னே படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் அளவுக்கு முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட, அவசரத்துக்கென வைத்திருந்த தனி நெட்வொர்க்கும் வேலை செய்யவில்லை. பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டர்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே உள்ளே நுழைவதற்கும் நேரம் பிடித்தது. நாற்பது பேர் நிறுவனத்துக்குத் தேவையான மாற்றுவழி எளியது: வேறொரு நிறுவனத்தின் இணைய இணைப்பு ஒன்று, சர்வர் அறையின் சாவி யாரிடம் என்ற தெளிவு, சர்வரின் நிர்வாகப் பாஸ்வேர்டு உறையிலிட்டுப் பெட்டகத்தில். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் சர்வர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடி, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த இரு பெட்டிகளையும் யுபிஎஸ்ஸோடு இணையுங்கள். மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்பும்படி சர்வரின் பயாஸிலும் அமைத்துவிடுங்கள்.

பதிவும் வெளியேற்றமும்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அது பட்டியலிட்டுள்ள வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உபுண்டு இயல்பாக நான்கு வார அளவுக்கே லாகுகளை வைத்திருக்கும். அந்த எண்ணை மாற்றுங்கள். லாகுகளின் நகல் வேறொரு கணினிக்கும் போகட்டும். உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது லாகைத்தான். எல்லா சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வி.பி.என். லாகையும் விண்டோஸ் லாகையும் சேர்த்துப் படிக்க முடியாது. அதே உத்தரவு வி.பி.என். சேவை நிறுவனங்களுக்கு விதித்த வாடிக்கையாளர் பதிவு நிபந்தனைகள், நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்னுக்குப் பொருந்தா என்று செர்ட்-இன்னே விளக்கம் கொடுத்திருக்கிறது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மென்பொருளிலும் அது வேறு மாதிரி. வயர்கார்டில் அவருடைய பொதுச் சாவியை நீக்கி அமைப்பை மீண்டும் ஏற்றினால் அந்த நிமிடமே தொடர்பு நிற்கும். ஓபன்விபிஎன்னில் சான்றிதழை ரத்து செய்து, ரத்துப் பட்டியலைப் புதுப்பித்து சர்வரில் வைக்க வேண்டும். ஈசி-ஆர்எஸ்ஏ கருவி தயாரிக்கும் அந்தப் பட்டியலுக்கே இயல்பாக 180 நாள்தான் ஆயுள்; அதைப் புதுப்பிக்க மறந்தால் ஒரு காலையில் யாருமே உள்ளே வர முடியாமல் போகும். நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். லினக்ஸில் ஒருவரின் பாஸ்வேர்டைப் பூட்டினால் மட்டும் சாவி வழி லாகின் நிற்பதில்லை. ஒவ்வொரு சர்வரிலும் அவருடைய சாவி வரியைத் தேடி நீக்கி, திறந்திருக்கும் இணைப்பையும் துண்டியுங்கள். எனிடெஸ்க் போன்ற தொலைத்திரை நிரல் ஏதாவது சர்வரில் ஆளில்லாமல் ஏற்கும்படி விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழுது பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டு மறந்த நிரல்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆடிட்டரின் சாவியைத் தணிக்கை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர் வரும்போது புதிதாக ஒன்று கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும்.